நிறுத்துடி, பால் பொங்குது

இன்று காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியதும், என் வாய் பழைய பழக்கத்தில் பின்னறையைப் பார்த்துக் கத்திவிட்டது: “நிறுத்துடி, பால் பொங்குது!”

பின்னறையில் நீ இல்லை. நிறுத்துவதற்குச் சத்தமும் இல்லை. ஆனால் கத்திய பிறகு ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

நான் இந்த முதலியார்பேட்டை வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். நாத்தனார் கொடுமை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு வாய்த்த கொடுமை மின்சாரத்தில் ஓடியது. படிப்பு முடிந்ததும் பின்னறையில் கம்ப்யூட்டர், பட்டன் பட்டனாக ஒரு பெட்டி, இரண்டு ஸ்பீக்கர் என்று கடை பரப்பினாய். பாட்டை எழுதுவதும் நீ, பாடுவதும் நீ, வெட்டி ஒட்டி முடிப்பதும் நீ. அதில் எது பாட்டு, எது மிஷின் கோளாறு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. என் குக்கர் விசில் உனக்குத் தாளம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலத்தைப் பதிந்துகொண்டு வந்தாய். வஞ்சிரம் விலை ஏற ஏறப் பாட்டும் ஏறியது. கரண்டு பில்லில் உன் பங்கை நான் தனியாகப் பிரித்து எழுதினால், பக்கத்தில் ‘கலைச்சேவை’ என்று எழுதி வைப்பாய். கோயிலில் யாராவது “ஒங்க நாத்தனா என்னா பண்றா?” என்று கேட்டால், “கம்ப்யூட்டர் ரிப்பேரு” என்றுவிடுவேன். அதை நம்பி இரண்டு வீட்டு லேப்டாப் உன்னிடம் வந்து சேர்ந்ததே!

எதிர்வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற பெரியவர், அடிக்கடி வாசலில் வந்து நிற்பார். “இது மூசிக் இல்லம்மா, மோட்டாரு.”

ஒருநாள் மைக்கைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்தாய்.

“அண்ணி, ஒரே ஒரு வரி பாடிக் குடுங்க.”

“என் கொரலு அம்மனுக்கு நேர்ந்து வுட்டதுடி. வேற ஆளப் பாரு.”

“அப்ப திட்டுறது?”

“அது ஒனக்கு நேர்ந்து வுட்டது.”

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பிறகு உன் முதல் கச்சேரி வந்தது. உன் அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: “இந்த ஒரு தடவதான். ஆளுங்க எழுந்து போனாங்கன்னா, மிஷின வித்துட்டு நான் பாத்து வெச்சிருக்கிற வேலைக்குப் போற.” நீ தலையாட்டினாய். ராத்திரியெல்லாம் உன் அறையில் சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாமிக்கு முன்னால் நின்றால் என்ன வேண்டுவதென்று தெரியவில்லை. வீடு அமைதியாகவும் வேண்டும், உன் முகமும் வாடக் கூடாது. ‘நீயே பாத்துக்க தாயே’ என்று கற்பூரத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.

கடற்கரைப் பக்கம் சின்ன மண்டபம். ஆடி மாதம் நம் கோயிலுக்கு மைக் செட் கட்டுகிறவர்தான் அங்கும். முதல் பாட்டுக்குச் சனம் போனைப் பார்த்தது. அடுத்த பாட்டுக்கு வாசலைப் பார்த்தது. அதற்கடுத்து ஸ்பீக்கரில் என் குரல், எனக்குத் தெரியாமல் நீ பதிந்து வைத்த திட்டு! “நிறுத்துடி, பால் பொங்குது! பொங்கு பொங்கு பொங்குது!” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மண்டபம் முதலில் சிரித்தது, பிறகு கைதட்டியது. பாட்டு முடிந்ததும் நம் சொல்தா கைத்தடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “பிஸ்! பிஸ்!”

பிரெஞ்சில் அதற்கு ‘இன்னொரு தடவை’ என்று அர்த்தமாம். மைக் செட்டுக்காரருக்குத் தெரிந்தது ஒரே பீஸ்தான், கரண்டு பீஸ். “ஐயய்யோ, பீசு போச்சா!” என்று ஓடி மெயினை அணைத்துவிட்டார்.

கும்மிருட்டு. நாற்காலிகள் நகருகிற சத்தம். பக்கத்தில் உன் அண்ணன், ‘சொன்னேன்ல’ என்பதுபோல் செருமினார். அப்போது மேடையிலிருந்து உன் குரல்:

“அண்ணி, இருக்கீங்களா?”

“இந்த இருட்டுல எங்கடி போவேன்?”

“திட்டுங்கண்ணி!”

பாடினால்தானே நேர்ந்துகொண்டதற்குக் குற்றம்? எழுந்து நின்று, வயிற்றிலிருந்து கத்தினேன். நீ மேசையில் தாளம் போட்டாய். போக எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே ‘பொங்குது’ என்று பதில் கொடுத்தார்கள். விளக்கு வந்தபோது ஒருவரும் போயிருக்கவில்லை. உன் அண்ணனும் கைதட்டிக்கொண்டிருந்தார், தாளம் தப்பி. வேலைப் பேச்சு அதோடு போயிற்று.

அப்புறம் பெங்களூரு, பாரிசு என்று போன இடமெல்லாம் என்னையும் அந்தப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிப் போனாய். வெள்ளைக்காரர்கள் ‘போங்கூது’ என்று குதிக்கிற வீடியோவை அனுப்பினாய். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் பெருமைப்பட்டதும் அவளுக்குத் தெரியும்.

நீ நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசியாக, தலைமாட்டு மிஷின் ‘பிப் பிப்’ என்பதைக் கேட்டு, “தாளம் சரியில்லண்ணி, கொஞ்சம் திட்டுங்களேன்” என்றாய். நிறுத்து என்கிற சொல் என் வாயில் வரவில்லை. சாமி பாட்டைப் பாடினேன்.

“இது அம்மனுக்கு நேர்ந்து வுட்டதாச்சே?”

“அவ பொறுத்துக்குவா. நீ கேளு.”

இன்று காலை கத்திவிட்டு, வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்தாவுக்கு இப்போது காது மந்தம், படுக்கையோடு இருக்கிறார். இருந்தும் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து மெல்ல வந்தது:

“பிஸ்!”

துணியைக் கீழே வைத்தேன். அடுப்பில் பால் இல்லை, பின்னறையில் நீ இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னைவிட உரக்கவே, இன்னொரு தடவை சொன்னேன்.