அது பதட்டமில்லை, நெஞ்சுவலி

என் ஆட்டோவில் இன்னும் மீன் வாசம் அடிக்கிறது. கழுவ மனம் வரவில்லை. டேய், உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும்! எழுத்து கோணுகிறது. பயப்படாதே, மருந்தெல்லாம் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன். இது வெறும் சந்தோஷம்.

நம் இருவருக்கும் ஒரே வியாதி. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு பெஞ்சில்தான் பழக்கமானோம். நீ ரெட்டியார்பாளையத்தில் மிக்ஸி, ஃபேன் பழுது பார்ப்பவன், நான் ஆட்டோக்காரன். பைபோலார் என்ற சொல் வாயில் நுழையாமல் 'ஏத்த எறக்கம்' என்று நீதான் பேர் வைத்தாய். ஏற்றத்தில் தெருவில் இருந்த அத்தனை ஃபேனையும் கழற்றிப் பரப்புவாய். இறக்கத்தில் கடையையே திறக்கமாட்டாய். அப்போதெல்லாம் உன் மனைவி போன் செய்வாள்: "அண்ணே, இவரத் தனியா விட பயமா இருக்கு." நீயாக ஏதாவது செய்துகொள்வாயோ என்று அந்த ஒரு சாவு வந்துவிடாமல்தான் நாங்கள் காவல் காத்தோம். உன் எடை ஏறியதையோ, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியதையோ, ஓயாத பீடியையோ யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் ஆட்டோவில் ஏறினாய். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் உன் மனநல மருந்துச் சீட்டைப் பார்த்தார். "பதட்டம்தான். போய்த் தூங்கட்டும்" என்றார். ஈசிஜி எடுக்கவில்லை. நான் மட்டும் என்ன கேட்டேன்? "மாத்திரைய விட்டுட்டியாடா?"

"இல்லடா. நெசமாவே வலிக்குது."

மறுநாள் காலையில் நீ இல்லை. நாற்பத்தாறு வயது.

நம் டாக்டரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. "இந்த வியாதி இருக்கறவங்க மத்தவங்களவிட சீக்கிரம் போயிடறாங்க. தற்கொலையும் ஒரு காரணம்தான். ஆனா நெறைய பேர இதயமும் சுகரும்தான் கொண்டுபோவுது. நாங்க மனச மட்டுமே பாத்துட்டு இருந்துடறோம்" என்றார். விடாமல் நச்சரித்தேன். போன மாதத்திலிருந்து பெஞ்சில் உட்காருகிற எல்லோருக்கும் பிரஷர், சுகர், எடை பார்க்கிறார்கள்! முதலில் கை நீட்டியது நான்தான். எனக்கும் பிரஷர் ஏறித்தான் இருந்தது. இப்போது அதற்கும் மாத்திரை. சவாரி இல்லாத காலைகளில் ஆட்களை வரிசையாக உட்கார வைப்பது என் வேலை.

இன்று பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் மகனோடு வந்தார். நம் வியாதிதான். முகமெல்லாம் வியர்வை. "தாடை இழுக்குது, மூச்சு முட்டுது" என்றார்.

"எப்பவும் இப்பிடித்தான் பயப்படும். சும்மா இரும்மா" என்றான் மகன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மொதல்ல ஈசிஜி எடுங்க!" என்று கத்திவிட்டேன். எடுத்தார்கள். மாரடைப்பு! இதய ஆஸ்பத்திரி வேறு இடத்தில். ஆம்புலன்ஸுக்கு நேரமாகும் என்றதும், மீன் கூடையோடு அவரை ஏற்றி, நர்ஸையும் உட்காரவைத்துப் பறந்தேன். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். பொழைச்சுட்டாங்கடா! சாயங்காலம் எட்டிப் பார்த்தால், "என் வஞ்சிரம் எங்கப்பா?" என்று என்னையே அதட்டுகிறார்!

வராந்தாவில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒங்களுக்கு எப்பிடிண்ணே தெரிஞ்சுது?"

உன் தெருவில் இன்னமும் 'மூளை சரியில்லாமல் போனான்' என்றுதான் சொல்கிறார்கள். நான் அவனிடம் உன் பேரைச் சொன்னேன். "என் சிநேகிதன். மாரடைப்புல போனான். வலிக்குதுன்னு சொன்னான், நான் நம்பல."

இத்தனை நாள் வாய்விட்டுச் சொல்லாதது அது. அந்தப் பாரத்தை நான் இறக்கி வைக்கப்போவதில்லை. நாளைக் காலையிலும் பெஞ்சுக்குப் போவேன். யார் எங்கே வலிக்கிறதென்று சொன்னாலும், முதலில் நம்புவேன்.