வின்சன்ற் மாமாவுக்கு நான் வைத்த கையெழுத்து

டோர்ட்மண்ட்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லவினியாவுக்கு,

மடு மாதாவின் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகம், என் முழங்காலைத் தவிர. அது தன் எண்ணத்துக்கு நடக்கிறது. பெர்லினில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதுவது ஏனென்றால், இரண்டு ஞாயிறாக உன் குரலை நான் கேட்கவில்லை. வின்சன்ற் மாமா கேட்டிருக்கிறார். போன ஞாயிறு நாற்பத்திரண்டு நிமிடம். அவருக்குச் சூப் பருக்கப் போன நான், அவர் காதில் போனை மாட்டிவிட்டு, பக்கத்துக் கதிரையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப் ஆறிவிட்டது, நான்தான் கொதித்தேன். தசை ஒவ்வொன்றாகச் செத்து, கரண்டி பிடிக்கவும் ஏலாமல் கிடக்கிற மனுசனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் இந்த ஜெர்மனியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மாவிடம் சொல்லிக் குறைப்பட்டேன். உங்களுக்கும் ஒரு நோய் வருத்தம் வரட்டும், பிள்ளை போன் எடுப்பாள் என்றா.

உன் வேலையைப் பற்றிக்கூட அவர் சொல்லித்தான் எனக்கு விளங்குகிறது. சாக உதவி கேட்கிற நோயாளிக்கு உதவலாமா என்று சட்டம் எழுதுகிற அமைச்சில் எந்தச் சங்கம் யாரைச் சந்தித்தது, என்ன கொடுத்தது என்ற பதிவுகளை உங்கள் அலுவலகம் மனுப் போட்டு எடுக்கிறதாம். வேண்டும் என்கிற சங்கத்தையும் வேண்டாம் என்கிற சங்கத்தையும் ஒரே மாதிரித்தான் தோண்டுகிறீர்களாம். எனக்கு நீ சொன்னது, ஒஃபிஸ் வேலை அப்பா என்ற மூன்று சொல்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன வருடம் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சங்கத்து ஆட்கள் தாளோடு வந்தார்கள். அந்தச் சட்டம் வரக்கூடாதென்று கையெழுத்துக் கேட்டார்கள். எனக்கும் அதுதான் மனது, இன்றைக்கும் அப்படித்தான், அதில் உனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. என் பெயரை எழுதினேன். கீழே கோடுகள் வெறுமையாகக் கிடந்தன. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தா, அவவுக்கும் வைத்தேன். நீ பெர்லினில், உனக்கும் வைத்தேன். வின்சன்ற் படுக்கையில், அவருக்கும் வைத்து, வராத காரணத்துக்குப் பக்கத்தில் கடும் நோயாளி என்றும் எழுதினேன். அகதியாக வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்களின் பழக்கம் அதுதானே பிள்ளை. முதலில் நாலு ஜெர்மன் சொல் படித்தவன் மற்றவனுடைய அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, அவசரத்துக்குக் கையெழுத்தையும் போட்டுவிடுவான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், வின்சன்றுக்கு வீடு, வைத்தியம், வேலை என்று முப்பது வருடம் அந்த உத்தியோகம் பார்த்தேன். பெருமையும் பட்டேன்.

அந்தத் தாள் அமைச்சு வரை போகுமென்று யார் கண்டது. நோயாளிகளே எதிர்க்கிறார்கள் என்று சொல்லி வின்சன்றின் பெயரைச் சங்கம் கோடிட்டுக் கொடுத்திருக்கிறதாம். உங்கள் கைக்கு வந்த காகிதக் கட்டுக்குள், அவர் பெயருக்கு மேலே உன் பெயர். அதைக் கண்டதும் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பி நீ யாரைக் கேட்டாய்? என்னை அல்ல, அவரை. ஏசுவதற்காவது என்னை எடுத்திருக்கலாமே.

அவர் உன்னிடம், தான் வைக்கவில்லை, வைத்தது யாரென்றும் தெரியாது என்றார். அது என் காதிலும் விழுந்தது. போனை நான் எடுத்து வைத்தபின் கதவைச் சாத்தச் சொன்னார். உன்ர எழுத்து எனக்குத் தெரியாதோ ராசன், முப்பது வருசமா அதுதானே என்ர கையெழுத்து என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மற்ற எல்லாத்துக்கும் நீ வை, நான் சாகிறதுக்கு மட்டும் வைக்காதை, அந்த உதவியைக் கேப்பனோ மாட்டனோ எண்டு எனக்கே இன்னும் தெரியாது, ஆனா என்னைத்தான் கேக்கோணும் என்றார். ஒரு விரல் அசைக்க ஏலாத மனுசன் பிள்ளை. கோப்பை கழுவுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன். எனக்காக உன்னிடம் பொய் சொன்னாரே, அந்தப் பெருந்தன்மையிலும் எனக்குப் பொறாமைதான்.

அடுத்த கிழமை உங்கள் அறிக்கை வெளிவருகிறதாமே. உன் பெயர் இருக்கிற தாளைப் பற்றி நீயே எழுதினால் உன்னைத்தான் முதலில் தோண்டுவார்கள், மறைத்தால் வேலையே போகும். ஆகவே இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், ஜெர்மனில், என் வழக்கமான பிழைகளோடு. மூன்று பேரைக் கேளாமல் அவர்களுடைய கையெழுத்தை வைத்தவன் ராசன் என்று அதில் இருக்கிறது. அமைச்சுக்கும் சங்கத்துக்கும் அதையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்த மூன்று பெயரையும் வெட்டச் சொன்னேன், என்னுடையது இருக்கட்டும். வழக்கு வந்தால் வரட்டும். உன் மேலிடத்துக்கு இதைக் காட்டு, அறிக்கையில் என் பெயரை ஒளிக்காதே. வின்சன்றைப் பற்றி எழுதிவிட்டு என்னை விட்டாயென்றால் அதையும் நான் தாங்கமாட்டேன்.

குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாள். ஞாயிறு மறவாமல் மாமாவை எடு. நாற்பது நிமிடம் அவருக்கு, மிச்சம் இரண்டு எனக்கு. நான் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன்.

உன் அன்பு அப்பா
ராசன்

அப்பா, அம்மா என்று இதுவரை நானே சேர்த்துப் போட்டு வந்தேன். இந்த முறை அம்மா கையெழுத்து வைக்கக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனையை நீட்டினேன். முதலில் கடிதத்தை வாசிக்க வேண்டுமாம்.