புட்டியைக் கழற்றவில்லை

என் தங்கத்துக்கு,

கொல்லைப்புறம் இப்போது ஒரே சண்டைக்களம். ரீங்காரச்சிட்டுக் குஞ்சுகள் பறக்கப் பழகிவிட்டன. சிவப்புத் தொண்டை அப்பன்கள் ஆகஸ்டிலேயே தெற்கே கம்பி நீட்டிவிட்டன. மிச்சமுள்ளவை நான் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியைச் சுற்றி ஒன்றையொன்று விரட்டுகின்றன. குடித்துக் குடித்துப் பந்து மாதிரி ஆகிவிட்டன. கடலைத் தாண்ட அந்தக் கொழுப்பு வேண்டுமே!

நேற்று பக்கத்து வீட்டு வெர்னா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"ஏண்டி, இன்னுமா புட்டிய மாட்டி வச்சிருக்க? ருசி கண்டுட்டு, போகாம இங்கயே கெடந்து குளிர்ல சாகப்போவுதுங்க!"

"சர்க்கரையக் காட்டி யாரையும் நிறுத்த முடியாதுடி. நான் பாத்தாச்சு."

"உன் பொண்ணு வந்தப்போ பீச் பழக் கேக்கா சுட்டுத் தள்ளினியே, அதச் சொல்றியா?"

"ஆமா. அத்தனையும் தின்னுட்டு, அலாஸ்கா வேலைக்குப் போகட்டுமான்னு கேக்குறா!"

இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

நீ கேட்டபோது நான் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டேன். உன் கனத்த கோட்டுக்குப் பொத்தான் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அங்கே போனதும் போட்டுக்கொள்.

புட்டி பனி விழும்வரை தொங்கும். எப்போதாவது ஒன்று பசியோடு இந்தப் பக்கம் வரும்.

அம்மா