விசிறி ஒன்பது மணி நேரம்

பிப்ரவரி 3

பேட்டரிக் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வாடிக்கையாளன். அவ்வளவுதான். உறவு கொண்டாடிக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டாம்.

என்னிடம் பதினான்கடிப் படகு ஒன்று இருக்கிறது. சின்ன மின்மோட்டார். இதுவரை கார் பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டேன். முதலாவது நான்கு மாதத்தில் செத்தது, இரண்டாவது மூன்றே மாதத்தில். விற்றவனிடம் எடுத்துப் போனால், "என்ன பெருசு, கடல்ல முக்கி எடுத்தீங்களா?" என்று சிரிக்கிறான். தண்ணீர் நடுவே மோட்டார் நின்று, இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

இந்த விஷயத்தில் உங்கள் கடைதான் கெட்டிக்காரக் கடை என்று படகுத்துறையில் மீனுக்கு ஐஸ் விற்கிற ஐஸ்காரர் சொன்னார். நான் சொல்லவில்லை. எந்த பேட்டரி பொருந்தும் என்று எழுதவும். பதிலை ஐஸ் கொட்டகை முகவரிக்கு அனுப்பவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். உட்கார்ந்து பிரித்தால், உரிமையாளர் அவர்களுக்காம்! வாடிக்கையாளனாம்! என்ன அண்ணா இது? என்மேல் என்ன கோபம்?

எட்டு மாதத்தில் மூன்று கடிதம் போட்டேன், உங்கள் மகன் வீட்டு முகவரிக்கு. ஒன்றுக்கும் பதில் இல்லை. அவனுக்கு போன் பண்ணினால், "அப்பா எங்ககூடத்தான் இருக்கார் அத்தை, நல்லா இருக்கார், எழுதத்தான் சோம்பல்" என்கிறான். உங்களுக்கா எழுதச் சோம்பல்? சோப்பு உறையில் இருப்பதைக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள் நீங்கள். அது சரி, நம் வீட்டுக் கூரை வேலை முடிந்ததா? மழையில் ஒழுகவில்லையே?

பேட்டரி விஷயம். கார் பேட்டரி, வண்டியைக் கிளப்ப ஒரு நொடி பலமாக உதைத்துவிட்டு ஓய்வெடுக்கிற ரகம். அதைப்போய் மூன்று மணி நேரம் இழுக்கச் சொன்னால் பாவம், அது என்ன செய்யும்? கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுக்கிற ரகம் வேறு இருக்கிறது. அதில் எந்த அளவு என்று சொல்ல எனக்கு ஒரு பட்டியல் வேண்டும். படகில் என்னென்ன கருவி ஓடுகிறது, ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். அங்கேதான் எல்லோரும் பொய் சொல்லி, அப்புறம் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

உங்கள்,
தங்கை


பிப்ரவரி 15

உரிமையாளர் அவர்களுக்கு,

நான் பொய் எழுதுகிறவன் இல்லை. பொய்யில் கையெழுத்துப் போடுகிறவனும் இல்லை.

மோட்டார், மூன்று மணி நேரம். மீன் காட்டும் கருவி, மூன்று மணி நேரம். விளக்கு, ஐந்து மணி நேரம். வெந்நீர்க் குவளை, காலையில் கால் மணி நேரம். விசிறி, ஒன்பது மணி நேரம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பேட்டரி விளக்கத்தாளைப் படித்தேன். இரண்டாம் பக்கம் நான்காம் வரியில் எடை பதினொரு கிலோ என்றும், கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு என்றும் இருக்கிறது. எது உண்மை? அச்சடிப்பதற்கு முன் படித்துப் பார்க்கிற வழக்கம் உங்கள் பக்கம் கிடையாது போலிருக்கிறது.

கூரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியைப் படித்த அன்று நான் படகை எடுக்கவில்லை. ஒரு மனுஷியால் இப்படியும் கேட்க முடியுமா என்று ஐஸ்காரரிடம் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளன்


பிப்ரவரி 20

அண்ணா,

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டே வந்தேன். விசிறியில் நின்றுவிட்டேன்.

மீன் பிடிக்கிற படகில் விசிறி எதற்கு? ஒன்பது மணி நேரம் யாருக்கு ஓடுகிறது? வெந்நீர் யாருக்கு? கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் காட்டினேன். அவள் பார்த்த உடனே, "அக்கா, இந்த ஆள் படகுலயே குடியிருக்காருக்கா" என்றாள்.

இல்லை என்று எழுதுங்கள். உடனே எழுதுங்கள். நான் கூரையைப் பற்றிக் கேட்டதில் என்ன தப்பு? வீட்டில் என்ன நடக்கிறது?

தங்கை


பிப்ரவரி 26

உனக்கு,

அவள் கெட்டிக்காரி. கடையை அவளிடம் கொடுத்துவிடு.

கேட்டுவிட்டாய். ஒரே ஒரு தடவை சொல்கிறேன். கூரையைப் பிரித்தால் தூசி பறக்கும், பத்து நாள் எங்க வீட்ல இருங்கப்பா என்று என் மகன், உன் அருமை மருமகன், கூட்டிப் போனான். பதினொன்றாம் நாள் பஸ் பிடித்து வந்தேன். தெருமுனையில் திரும்பினேன். பால்காரர் வீட்டுச் சுவரும் தையற்காரர் வீட்டுச் சுவரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் ஆகாயம்.

தெரு மாறிவிட்டேன் என்று நினைத்தேன். அறுபத்தெட்டு வருஷம் நடந்த தெரு! திரும்பிப் போய், பஸ் நிற்கிற இடத்திலிருந்து மறுபடி நடந்து வந்தேன். மறுபடியும் ஆகாயம்தான். தையற்காரர் சுவரில் நம் மாடிப்படி ஒட்டியிருந்த தடம் மட்டும் சாய்வாக, படிப்படியாக, நீலத்தில் தெரிந்தது. அம்மா பூசிய நீலம்.

தையற்காரர் ஊசியும் நூலுமாக வெளியே வந்து, "உங்களுக்குத் தெரியாதா?" என்றார். இன்றுவரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

என் பங்கை அவனுக்கு எழுதிக் கொடுத்தது என் முட்டாள்தனம். ஆனால் உன் பங்கு இருக்கிறது, தங்கை கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லை எவனாலும் எடுக்க முடியாது என்று தைரியமாகத்தான் இருந்தேன். அவனிடம் போய்க் கேட்டதும் ஒரு தாளை நீட்டினான். "அத்தையே போட்டுட்டாங்கப்பா. நீங்க ஏன் குதிக்கிறீங்க?" இடிக்கவும் விற்கவும் சம்மதம் என்று மேலே எழுதியிருக்கிறது. கீழே நீ. கடைசி எழுத்தைச் சுழித்து அடியில் ஒரு கோடு இழுப்பாயே, அந்தக் கோடு.

போனை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். படகு என்னுடையது. அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

பேட்டரியை அனுப்பு. விசிறிக்கும் சேர்த்து.


மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

போன வருஷம் மருமகன் என் கடைக்கு வந்தான். கவுண்டரில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "கூரைக்கு அனுமதி வாங்கணும் அத்தை, மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம், இங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு" என்று விரலை வைத்துக் காட்டினான். ஒரு கையில் பேட்டரி டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போட்டேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. அண்ணா, சத்தியமாக நான் பார்க்கவில்லை.

வீடு இல்லை என்பதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். கடை ஷட்டரை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நீலத்தை அம்மா பூசும்போது வாளியைப் பிடித்தவள் நான்.

பேட்டரி அனுப்பியிருக்கிறேன். லித்தியம், பதினொரு கிலோ. பன்னிரண்டு என்பது அச்சுப்பிழை, நீங்கள் சொன்னது சரி. அதற்குரிய சார்ஜரும் உள்ளே இருக்கிறது, பழைய சார்ஜரில் மாட்டாதீர்கள். மோட்டாருக்கும் மீன் காட்டும் கருவிக்கும் அது கச்சிதமாக இருக்கும். விளக்குக்கோ விசிறிக்கோ கொடுத்தால் மறுநாள் பாதி வழியில் மோட்டார் நின்றுவிடும். தெரிந்தேதான் இந்த அளவை எடுத்தேன். படகில் குடியிருக்க என் கடையில் பேட்டரி விற்பதில்லை. என் வீட்டு மாடி அறையில் விசிறி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. வந்துவிடுங்கள். இல்லையென்றால் நான் வந்து நிற்பேன்.

உத்தரவாத அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். என்னை மன்னித்துவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 13

தங்கைக்கு,

பேட்டரி வந்தது. வேலை செய்கிறது. மோட்டார் ஓட வேண்டிய மூன்று மணி நேரமும் நான் துடுப்புப் போடுகிறேன். விளக்கும் விசிறியும் உன் பேட்டரியில் ஜோராக ஓடுகின்றன. என்னை அளவு போட்டு அடக்கலாம் என்று நினைத்தாயா?

நீ தெரிந்தே போட்டாய் என்றுதான் எட்டு மாதமாக நினைத்திருந்தேன். அண்ணன்மேல் ஏதோ பழைய ஆத்திரம், தீர்த்துக்கொண்டாள் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். படிக்காமல் போட்டேன் என்கிறாய். இது அதைவிட மோசமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போனவள் நீ. நீ தூங்கிய பிறகு உன் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டியவன் நான். ஒரு வரியையும் படிக்காமல் நான் கடந்து போனதில்லை. நம் இரண்டு பேரில் வீட்டைக் காப்பாற்றப் படிப்பு இருந்தது உன்னிடம்தான் என்று நினைத்தேன்.

மன்னித்தேன் என்று எழுத முடியாது. உண்மை இல்லாததை எழுத மாட்டேன். நீ இங்கே வந்து நிற்க வேண்டாம். வந்தால் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். துடுப்பில்தான் போவேன், மெதுவாகத்தான் போவேன், ஆனாலும் போய்விடுவேன்.

உத்தரவாத அட்டையை இரண்டு பக்கமும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏழாம் விதியைப் பார். குடியிருக்கும் வீட்டு முகவரி வேண்டுமாம். படகு, ஐஸ் கொட்டகை என்றெல்லாம் எழுதினால் உத்தரவாதம் செல்லாதாம். அதனால் அந்தக் கட்டத்தில் உன் மாடி அறை முகவரியை எழுதியிருக்கிறேன். விதிக்காகத்தான். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

அட்டையை உன் கடைப் பெட்டியில் போடுவதற்கு முன், இந்தத் தடவையாவது படித்துப் பார்.

அண்ணன்