நாலு கிலோ உளுந்து

செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி
8.7.2007

அன்பு மகன் மந்திரமூர்த்திக்கு அம்மா அழகுத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் வீட்டுக்காரி ரேணுகாதேவியும் பேத்தி சத்யபிரியாவும் சுகம். மேல்காற்று அடிக்கிற காலம். வாசலைப் பெருக்கி முடிப்பதற்குள் கரிசல் புழுதி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மஸ்கட் வெயிலில் வெளியே அலையாதே. பிரஷர் மாத்திரையை விடாதே.

வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ம், ம் என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் உன் மகள் நின்றாள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

சென்னையில் பொம்மைப் படம் எடுக்கிற கம்பெனியில் ஆவணி மாதம் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் பழகுகிற காலம், அதுவரை சொந்தமாக லேப்டாப் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நம் பிள்ளை தீப்பெட்டி லேபிள் வரைந்து கொடுத்ததைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அத்தனை பேர் போன இடத்தில் இவளை எடுத்தார்கள் என்று நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அது இப்போது தொந்தரவாகப் போய்விட்டது.

சென்னைக்குப் போகாதே என்று நீ அவளிடம் சொல்லவில்லை. அதே ரூபாய்க்கு மேசையில் வைக்கிற கம்ப்யூட்டர் வாங்கினால் இரண்டு மடங்கு வேகம், பெரிய திரை, வீட்டிலிருந்தே லேபிள் வரையலாமே என்றாய். கணக்குச் சரிதான். நான் உன் அம்மா, கணக்குக்குப் பின்னால் இருப்பதும் எனக்குத் தெரியும். மேசைக் கம்ப்யூட்டர் எழுந்து ரயில் ஏறாது. எனக்கும் அவளை அனுப்ப மனசில்லை. பகல் முழுக்க இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்பது அவளால்தான்.

ஆனாலும் மேசைக் கம்ப்யூட்டர் என்று சொன்னால் பிள்ளை அழுவாள். அழுகிறவளைச் சமாதானப்படுத்த நீ இங்கே இல்லை. எனக்கு வேறொன்று தோன்றுகிறது.

போன திங்கட்கிழமை மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் கடைக்கு அவளோடு போனேன். கடைக்காரர் ஒன்றொன்றாகக் காட்டினார். பெரியது ஒன்று, அகலமாக, அம்மிக்கல் மாதிரி. விலை குறைவு. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னது, பலகாரத் தட்டு கனம்கூட இருக்காது. அதற்கு விலை ஒன்றரை மடங்கு. எனக்கு விளங்கவில்லை. இது என்ன வியாபாரம், கனம் குறையக் குறைய ரூபாய் கூடுகிறது, தங்கம் விற்கிறவன்கூட இந்த அக்கிரமம் செய்யமாட்டானே என்று கேட்டேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் மரியாதையாக, "ஆச்சி, லேசா செய்யதுதான் கஷ்டம். அதுக்குத்தான் ரூவா" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் உன் அப்பாவோடு பலசரக்குக் கடையில் அத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். கனமான பித்தளையை விட்டுவிட்டு லேசான தகரத்துக்கு அதிக விலை கொடுத்தவளை நான் பார்த்ததில்லை.

ஆகவே நீ அந்தப் பெரிய லேப்டாப்பையே அங்கே வாங்கு. ரூபாய்க்கும் சரி, வேகத்துக்கும் குறைவில்லை. சார்ஜரோடு நாலு கிலோ வருகிறது. ஹாஸ்டலிலிருந்து கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமாம். ஹாஸ்டலில் வைத்துவிட்டுப் போனால் திருட்டுப் பயம், தினமும் தோளில் சுமக்க வேண்டும். அம்மிக்கல்லைச் சுமந்து யார் தினமும் பஸ் ஏறுவார்கள்? அவளே மலைத்து, வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்பாள். நீயும் நானும் வேண்டாம் என்று சொன்னதாக இருக்காது.

இதை ரேணுகாதேவியிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு உன் அம்மா,
அழகுத்தாய்

---

செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி
26.7.2007

அன்பு மகன் மந்திரமூர்த்திக்கு அம்மா எழுதுவது. போன கடிதத்தில் எழுதியதை வைத்து இதற்குள் அந்தப் பெரிய லேப்டாப்பை வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. வாங்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று. காரணம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கனத்தை வாயால் சொன்னால் பிள்ளைக்குத் தெரியாது, சுமந்து பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். பரணிலிருந்து உன் அப்பாவின் தராசை இறக்கச் சொன்னேன். கயத்தாற்றிலிருந்து வந்த உளுந்து மூட்டை இருந்தது. படிக்கல் வைத்து நாலு கிலோ நிறுத்து, பழைய தலையணை உறையில் தைத்து, அவள் காலேஜ் பையில் வைத்தேன். லேப்டாப் வருகிறவரை எங்கே போனாலும் இதோடு போ, அப்புறம் உன் இஷ்டம் என்றேன். ரேணுகாதேவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "அத்தை, உளுந்து உளுந்தாவே திரும்பி வந்தா சரி. வடைக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

சத்யபிரியா பையை வாங்கிக்கொண்டாள். தையல் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் தோளில் உளுந்துப் பை. நம் முன்வாசல் கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற வெயிலுமுத்துவுக்கு அது பெரிய வேடிக்கை. "என்ன தங்கச்சி, தெனமும் சரக்கக் கொண்டுட்டுப் போயி அப்படியே கொண்டுட்டு வாரியே, போணி ஆகலையா?" என்று கேட்டிருக்கிறான். இவள் நிற்காமல், "போணி ஆவணியில அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவனே வந்து என்னிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது.

சாத்தூரில் லேபிள் அச்சடிக்கிற இடத்துக்கு ஒரு நாள் போனாள். ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போகிற கூட்டம், பஸ்ஸில் உட்கார இடமில்லை. போகும்போதும் நின்றுகொண்டு, வரும்போதும் நின்றுகொண்டு. பையைக் கீழே வைத்தாயா என்று கேட்டேன். லேப்டாப்பைக் கீழே வைக்க முடியுமா ஆச்சி, மிதித்துவிடுவார்களே என்றாள். உளுந்தைச் சொல்கிறாள்!

மறுநாள் எண்ணெய் தேய்த்து விடுகிறேன் என்று உட்கார வைத்தேன். வலது தோளில் பை வார் பதிந்த இடம் கன்றிச் சிவந்து கிடந்தது. விரல் பட்டதும் உடம்பை நெளித்தாள். ஏட்டி, இதைச் சொல்ல வேண்டாமா என்றேன். அதற்கு அவள் சொன்னது இது. "கனமானதே வரட்டும் ஆச்சி. லேசானதுன்னா அப்பாவுக்கு ரூவா கூட ஆகும். நாலு கிலோ எனக்குப் பழகிட்டு, தூக்கிட்டுப் போயிருவேன்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீயும் நானும் போட்ட கணக்கு என்ன? கனமாக இருந்தால் போகமாட்டாள். அவள் போவாள், மந்திரமூர்த்தி. நாலு கிலோ என்றாலும் போவாள், எட்டு கிலோ என்றாலும் போவாள். நம்முடைய கனம் அவளை நிறுத்தாது, அவள் தோளில்தான் இருக்கும். போகிற பிள்ளைக்கு நாம் அதையா கொடுத்து அனுப்புவது?

அதனால் லேசானது வாங்கு. லேசாக இருந்தால் மட்டும் போதாது, வேலைக்கும் தாங்க வேண்டும். கடையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஹார்டு டிஸ்க் என்பது நாம் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கி. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரக்கு அடைந்து கிடக்கும், அவ்வளவுதான். வேலை நடப்பது ரேமில். அது கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிற பலகை மாதிரி. பலகை சின்னதாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து வந்தால் திணறிப்போவோம். அதனால் ரேமில் மிச்சம் பிடிக்காதே, இரண்டு ஜி.பி. இருக்கட்டும். கிட்டங்கியைப் பிறகு தனியாக வெளியில் சேர்த்துக்கொள்ளலாமாம். படம் ஓடுவதற்கென்று உள்ளே தனியாக ஒரு கார்டு இருக்க வேண்டும். கல்லாவில் இருக்கிறவனே கட்டியும் கொடுத்தால் கூட்டத்தில் தடுமாறுவான் இல்லையா, அதற்குத் தனி ஆள். லேசான லேப்டாப் பெட்டிகளில் இந்தத் தனி ஆளை எடுத்துவிடுகிறார்களாம். கேட்டு, கண்ணால் பார்த்து வாங்கு.

திரை பெரிதாக இல்லாவிட்டாலும் நிறம் சரியாக இருக்க வேண்டும். இங்கே ஒரு கடையில் அவள் வரைந்த மயில் லேபிளை ஒரு பெட்டியில் போட்டுக் காட்டினாள். நேரே பார்த்தால் மயில். நான் பக்கவாட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு அது காக்காயாகத் தெரிந்தது. அந்த லேபிளில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அதே படத்தை இன்டர்நெட்டிலும் உனக்கு அனுப்பியிருக்கிறாள். கடையில் படத்தைத் திரையில் போடச் சொல்லி, லேபிளைப் பக்கத்தில் பிடித்துப் பார். நேரே நின்றும் பார், தள்ளி நின்றும் பார். சிவப்பு இந்தச் சிவப்பாகவே இருக்க வேண்டும். நீ ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, அவள் வரைந்த எதையும் நீ பார்த்ததில்லை. நன்றாகப் பார்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு அடிப்பக்கம் தொட்டுப் பார். தோசைக்கல்லாகச் சுட்டால் வேண்டாம். கடைசியாக ஒன்று. கடைக்காரர்கள் சொல்கிற எடையில் சார்ஜர் சேர்வதில்லை. எந்த ஊர் வியாபாரியும் வியாபாரிதான். பெட்டியையும் சார்ஜரையும் சேர்த்துத் தட்டில் வைக்கச் சொல். இரண்டரை கிலோவுக்கு மேலே முள் போகக் கூடாது.

ஓட்டப்பிடாரத்து இசக்கிதுரை உன் ரூமில்தானே இருக்கிறார், ஆடி கழித்து லீவில் வருகிறார் என்றாய். அவரிடம் கையோடு கொடுத்துவிடு. பிளேனில் ஏற்றிவிடுகிற லக்கேஜில் போட வேண்டாம் என்று சொல். ரூபாய் கூடத்தான் ஆகும். எனக்கு இந்தத் தடவை பண்டிகைக்குச் சேலை வேண்டாம்.

அவள் போக வேண்டாம் என்று நீ நினைத்தால் அதை அவளிடம் நீயே போனில் சொல். நான் இனிமேல் இடையில் நிற்கமாட்டேன்.

இப்படிக்கு
அம்மா

---

செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி
2.9.2007

அன்பு மகன் மந்திரமூர்த்திக்கு, அம்மா.

இசக்கிதுரை வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனார். பிளேனில் மடியிலேயே வைத்திருந்தாராம். பிரித்ததும் முதல் வேலையாகத் தராசில் வைத்தேன். மறு தட்டில் இரண்டு கிலோ படிக்கல், அதோடு கொஞ்சம் உளுந்து. ஒரு கைப்பிடி அளவு போட்டதும் முள் நேராக நின்றது. சார்ஜரோடு சேர்த்துத்தான். வெயிலுமுத்து கையில் வாங்கிப் பார்த்து, "ஆச்சி, உள்ள ஒண்ணுமே இல்ல போலயே" என்றான். சத்யபிரியா மயிலைத் திறந்து காட்டினாள். நான் கதவு ஓரமாகப் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தாலும் மயில்தான்.

நேற்றைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் பிள்ளை சென்னைக்குப் புறப்பட்டாள். துணைக்கு ரேணுகாதேவியும் போயிருக்கிறாள், ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வருவாள். ரயில் நிற்கிற நேரம் கொஞ்சந்தானே. நான் ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தேன். லேப்டாப் பையை மட்டும் சத்யபிரியா யாரிடமும் கொடுக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு ஒரே எட்டில் ஏறிவிட்டாள். சுமை இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

போகும்போது ஒன்று சொன்னாள். நீ அவளுக்குப் போன் செய்து, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு பேசாமல் வைத்துவிட்டாயாம். அப்பாவுக்குக் கோபமோ என்று கேட்டாள். கோபம் இல்லை, உன் அப்பாவுக்கு அதற்கு மேல் பேச வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது சரிதானே?

அந்த மயில் லேபிளை நீ திருப்பிக் கொடுத்து அனுப்பினாயா என்று இசக்கிதுரையிடம் கேட்டேன். அதைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாய், ரூமுக்கு யார் வந்தாலும் காட்டுகிறாய் என்றார். திருப்பி அனுப்ப வேண்டாம். இருக்கட்டும்.

வீட்டில் இன்றைக்கு நான் மட்டும். உளுந்துப் பை நடையில் ஆணியில் தொங்குகிறது. ஊறப்போட்டு ஆட்டலாம் என்று கையில் எடுத்தேன். எனக்கு ஒருத்திக்கு எதற்கு வடை என்று திரும்ப மாட்டிவிட்டேன். கெட்டுப் போகிற சாமான் இல்லை, இருக்கும்.

உனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று எழுது. வரும்போது எப்போதும் போல இரும்புப் பெட்டி நிறைய சாமான் கட்டித் தூக்கிக்கொண்டு வராதே. போர்வை, பால் பவுடர், தைலம் ஒன்றும் வேண்டாம். இங்கே எல்லாம் கிடைக்கிறது. வெறுங்கையாக வா, மந்திரமூர்த்தி. சீக்கிரமாக வா. அம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
அழகுத்தாய்