சத்தம் போடாத ஒரு மாசம்

கார்மேல் மாதா துணை

கோவளம்
22-8-1974

அன்பு மகள் அமலோற்பவத்துக்கு, அம்மா எழுதுகிறேன், அம்மாவேதான் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். இங்கே நானும் உன் நைனாவும் ஆறு கோழிகளும் சுகம், அதில் கறுப்புக் கோழி அடைகாக்கிறது, நைனாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ராஞ்சியில் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று தினமும் கேட்டுக்கொண்டுதான் அடுப்பு மூட்டுகிறேன். உன் கடுதாசி போன வெள்ளிக்கிழமை வந்தது. மூணு மாசமாய் வந்த கடுதாசி எல்லாம் யார் எழுதினது, அம்மா ஏன் எழுதவில்லை, என்னத்தை மறைக்கிறீர்கள் என்று வரிக்கு வரி கேட்டிருந்தாய். நர்ஸ் வேலை பார்க்கிறவளிடம் மறைக்க முடியாது என்று கான்வென்ட் சிஸ்டர் அன்றைக்கே சொன்னார்கள். அந்தக் கையெழுத்து அவர்களுடையதுதான். நைனா எதிரில் நின்று சொல்லச் சொல்ல எழுதினார்கள். நைனா சொல்கிற லட்சணம் உனக்குத் தெரியும், எல்லாரும் சுகம், மழை இல்லை, அவ்வளவுதான், அதற்கு மேல் சிஸ்டர் எவ்வளவு கேட்டாலும் வராது. நானே எழுதியிருக்கலாம், ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் எனக்குப் பொய் எழுத வராது, அதனால்தான் எடுக்கவில்லை. இப்போது கடைசியை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பதறாமல் உட்கார்ந்து படி. எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. அது புற்றுநோய் இல்லை. இப்போது நன்றாக இருக்கிறேன், ரெண்டு ஆள் சோறு சாப்பிடுகிறேன்.

தவசுகாலத்தில் சிலுவைப்பாதைப் பாட்டு பாடித்தான் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மிளகு, பனங்கற்கண்டு, உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. ஈஸ்டர் அன்றைக்கு அல்லேலூயாவுக்கு வாயைத் திறந்தால் கிழிந்த கட்டுமரப் பாயில் காற்று அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, முன்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மே மாசம் கேளம்பாக்கத்துத் தெருவில் மீனு என்று கூவ வாயெடுத்தேன், மீ வந்தது, னு வரவில்லை. நைனா பயந்துபோய் மறுநாளே திருப்போரூர் வழியாய் பஸ் ஏற்றி செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே உன் வயசில் ஒரு பெண் டாக்டர், சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தாங்க. உள்ளே ஒரு கட்டி இருக்குது, வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும் என்றாங்க. இன்னா கட்டிம்மா அது, கெட்ட கட்டியா என்று நைனா கேட்டார். அவங்க பொய் சொல்லவில்லை, இப்ப தெரியாதுப்பா, மூணு வாரம் ஆவும் என்றாங்க. ஆபரேஷனுக்கு நாள் கிடைக்க ஜூலை ஆகிவிட்டது. முடிந்து கண் விழித்ததும் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை, ஒரு மாசத்துக்கு வாயே திறக்கக் கூடாது, ரகசியம் பேசுற மாதிரி பேசறதும் கூடாது என்பது. இருபத்திரெண்டு வருஷமாய்க் கூவி மீன் விற்கிறவளைப் பார்த்து! வார்டில் இருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவும் கூடாதாம்.

வீட்டுக்கு வந்ததும் நைனா சந்தையில் ஒரு சிலேட்டு வாங்கி வந்தார். வாங்கின பிறகுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் உறைத்தது, நான் எழுதினால் அவருக்குப் படிக்கத் தெரியாதே. சரி என்று படம் போட ஆரம்பித்தேன். புளி வேண்டும் என்று புளியங்காய் போட்டேன், அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இறால் எடுத்துக்கொண்டு வந்தார். இப்படியே ரெண்டு நாள் இறால் குழம்புதான். இதெல்லாம் சிரிப்பாய் எழுதுகிறேன், அப்போது உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. மத்தியானம் ஆனால் கோயிலுக்குப் போய் மாதா பீடத்துக்கு முன்னால் முட்டி போடுவேன். செபம் என்றா நினைத்தாய், வெறும் பேரம். அமலிக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் உயிரை வை, அவள் நைனாவுக்குத் தனியாய் வெந்நீர்கூட வைக்கத் தெரியாது, அதனால் அவருக்கு அப்புறம் என்னை எடு, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன், இப்படி ஒன்றை விட்டு ஒன்று. ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்தால் வரும்போது இருந்ததைவிடப் பாரம் அதிகமாய் இருக்கும். இன்னொன்றும் உண்டு. கண்ணை மூடினால் சேசுசாமி முகம் வராது, ஆதியம்மாள் முகம்தான் வரும்.

கோடி வீட்டு ஆதியம்மாளை நீ மறந்திருக்க மாட்டாய், அவளும் நானும் ஒன்றாய்க் கூடை தூக்கினவர்கள், நீ கைக்குழந்தையாய் இருந்தபோது என் கூடையையும் உன்னையும் மாற்றி மாற்றிச் சுமந்தவள். நீ ராஞ்சிக்குப் போன வருஷம் அவளோடு எனக்குப் பேச்சு நின்றுபோனது. என் வாடிக்கையை அவள் இழுத்துக்கொண்டாள் என்று உனக்கு எழுதினேன். அது முழுசு இல்லை மகளே. கேளம்பாக்கத்தில் வசுமதி டீச்சர் வீட்டில் அவள் மீன் நன்றாய் இருக்கிறது என்று சொன்னார்கள், எனக்குப் பொறுக்கவில்லை, அது நேற்றைய மீன், தண்ணீர் தெளித்து விற்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். அது தெருவெல்லாம் பரவி அவளுக்கு ஒரு மாசம் வியாபாரமே இல்லை. நியாயம் கேட்க வந்தவளை ஒரு வார்த்தை பேச விடாமல் நான்தான் கத்தி விரட்டினேன், என் தொண்டை அப்போது நன்றாய் இருந்தது.

நான் வாய் மூடிக் கிடந்தபோது கூடையை யார் எடுப்பது என்று பார். நைனாவே எடுத்தார். விடியற்காலை கட்டுமரத்தில் போய் வந்து, வலையை உதறிப் போட்டுவிட்டு, தலையில் சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு உப்பளம் வழியாய்க் கிளம்பினார். கடற்கரையில் ஆம்பளைகள் கேலி செய்தார்களாம், இன்னா அண்ணாத்த, சேல கட்டலியா என்று. இவர் சும்மாட்டைச் சரி பண்ணிக்கொண்டு நடந்தார். ஆனால் கூவ வரவில்லையே! வீட்டுக்கு வீடு நின்று, மீனு வேணுமா என்று காதோடு கேட்டால் யாருக்குக் கேட்கும். மூணாம் நாள் வெயில் ஏறிவிட்டது, கூடை பாதிகூடக் குறையவில்லை, வசுமதி டீச்சர் வீட்டு வேப்ப மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு நின்றிருக்கிறார். எதிரே ஆதியம்மாள் வந்திருக்கிறாள். பார்த்ததும் தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ரோணிக்கா வூட்டு மீனு வந்துகீது, காலையில புடிச்ச சங்கரா, வந்து பாருங்கம்மா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூவினாளாம். தன் மீனை மூடி வைத்துவிட்டு முதலில் நம் கூடையைக் காலி பண்ணினாள். அப்புறம்தான், இன்னா ஆச்சு அவளுக்கு என்று கேட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன், நைனா வேப்ப மரத்தடியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அன்றைக்குச் சாயந்தரம் ஆதியம்மாள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள். எனுக்குச் சொல்லணும்னு தோணலையா ஒனக்கு, நான் இன்னா செத்தா பூட்டேன், என் மீனு நாத்தம்னு நீ சொன்னியே, எந்த நாளாவது நான் அப்பிடி வித்திருக்கேனா, எம் பொண்ணு வசந்தா பிரசவத்துக்கு வந்த நேரம்டி அது, வூட்டுல ஒண்ணும் இல்ல, அன்னிக்கு நான் இன்னா பாடுபட்டேன் தெரியுமா என்று அழுதுகொண்டே பேசினாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியாது பார், அதனால் ரெண்டு வருஷத்தில் முதல் முறையாய் அவள் சொன்னதை முழுசும் கேட்டேன். வசந்தாவுக்குப் பிரசவம் என்பதே எனக்குத் தெரியாது. தப்பு என்மேல் என்று சொல்ல வாய் இல்லை, எழுதினால் அவளுக்கும் படிக்கத் தெரியாது. எழுந்து போய் அவள் ரெண்டு கையையும் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன், அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்து, ஐயோ அழாதடி, தையல் பிரிஞ்சிடப் போவுது என்று என்னைத் தூக்கினாள். அப்புறம் ரெண்டு பேரும் கறுப்புக் காப்பி குடித்தோம்.

மறுநாள் மத்தியானம் கோயிலுக்குப் போனேன். முட்டி போட்டேன், என்ன கேட்பது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. எல்லாம் முன்னமே கேட்டாயிற்று, ஆண்டவருக்கும் மறந்திருக்காது. சும்மா இருந்தேன். ஜன்னல் வழியாய்க் கடல் காற்று வந்துகொண்டிருந்தது. அவர் இருக்கிறார், நானும் இருக்கிறேன், இது போதும் என்று தோன்றியது, அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை மகளே. தூணில் சாய்ந்தது ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது கோயில் உபதேசியார் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடிக்காமல் நிற்கிறார், புதுசாய் வந்திருக்கிற சின்ன வயசுச் சாமியார் அவரிடம் கையைக் காட்டி நிறுத்தி வைத்திருக்கிறார். மூணு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்! வெட்கமாய்ப் போய்விட்டது. சாமியார் சிரித்துவிட்டு, பரவாயில்லேம்மா, உங்களைப் பார்த்து எனக்கே தூக்கம் வந்துருச்சு என்றார், மணி அன்றைக்குக் கால் மணி நேரம் தாமதம்.

அதற்குப் பிறகும் முடிவு வர ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் நன்றாய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன். இதை நீ நம்பணும். நல்ல சேதி வந்த பிறகு வந்த நிம்மதி இல்லை இது. செங்கல்பட்டுக்குப் போகிற பஸ்ஸில் நைனா ஒரு கையால் செபமாலையை விடாமல் உருட்டிக்கொண்டிருந்தார், நான் அவர் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு வயலில் நிற்கிற கொக்குகளை எண்ணிக்கொண்டு போனேன். கெட்ட சேதியாய் இருந்தாலும் எனக்கு ஒரு இடம் இருக்கிறது, ஒருத்தர் இருக்கிறார் என்ற எண்ணம்தான். டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு, பயம் இல்லம்மா, கத்திக் கத்தி வந்த கட்டிதான் என்றாங்க. நைனா ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் முட்டி போட்டுவிட்டார், அந்தப் பொண்ணு பதறிப்போய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாங்க. மாசம் முடிந்ததும் மெதுவாய்ப் பேசலாம், ஆனால் இனிமேல் கூவக் கூடாது என்று சொல்லி அனுப்பினாங்க.

இப்போது ஆதியம்மாளும் நானும் சேர்ந்துதான் போகிறோம். அவள் கூவுவாள், நான் கூறு வைப்பேன். முதல் நாளே வசுமதி டீச்சர் வீட்டில் நின்று, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று ஆதியம்மாளை வைத்துக்கொண்டே சொன்னேன், டீச்சர் உள்ளே போய் ரெண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் குரல் திரும்பிவிட்டது, ஆனால் பழைய குரல் இல்லை, கரகரவென்று ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கிறது, நீ கேட்டால் சிரிப்பாய். பூசையில் நான் பாட்டு எடுக்கிறதில்லை, கூட நின்று முணுமுணுப்பதோடு சரி.

உனக்கு ரெண்டு வார்த்தை. நைட் டியூட்டி முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. நோயாளிகள் பாரத்தை எல்லாம் மனசில் ஏற்றிக்கொண்டு அறைக்குப் போகாதே, வழியில் கோயில் இருக்கிறது என்று எழுதினாயே, பத்து நிமிஷம் உள்ளே போய் உட்கார், ஒன்றும் கேட்காதே, தூக்கம் வந்தால் தூங்கு. யாரிடமாவது கோபமாய் இருந்தால் அதை முதலில் சரி பண்ணிக்கொள். என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது, முழுசும் படிக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்து வை, கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைப் பாட்டு பாடும்போது பின்னாலிருந்து ஒரு குரல், சன்னமாய், சுருதி தப்பாமல், அவ்வளவு இனிமையாய். யார் இது புதுசாய் என்று திரும்பிப் பார்த்தேன். உன் நைனா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், எந்தப் பூசையிலும் அவர் பாடாமல் இருந்ததில்லையாம், நான் போட்ட சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை.

ஆண்டவர் உன்னைத் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும். நைனா உன் நெற்றியில் சிலுவை போட்டதாய் எழுதச் சொன்னார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா
ரோணிக்கம்மாள்