நிரப்பக் கூடாத பெட்டி

2007 தை 21, ஞாயிறு

இன்று வீட்டு வளவில் நின்றவர்கள்: ஏறாவூரிலிருந்து வந்த விவசாயப் போதனாசிரியர் நௌஷாட் தம்பி. பெட்டிகளை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்த அசனார். பக்கத்து வளவு அழகரத்தினமும் பெண்சாதியும். அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தார்கள், வாருங்கள் என்று இரண்டுதரம் சொல்லியும் உள்ளே வரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். கண்ணகை ஆகிய நான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் மருமகன் விஜிதரன்.

இந்தக் கொப்பி நௌஷாட் தம்பி தந்தது. “திகதியப் போடுங்க ஆச்சி, தண்ணி எத்தின விரல் நிக்குதெண்டு எழுதுங்க. வேற ஒண்டும் தேவல்ல” என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதத் தொடங்கினால் ஒரு வரியோடு நிற்கத் தெரியாது.

பெட்டி நான்கு. மீனுக்கு ஐஸ் போட்டு வருகிற அதே வெள்ளை ரெஜிபோம் பெட்டிதான். உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்து, மூடியில் ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பிய யோகட் கோப்பை. கோப்பைக்குள் சலாதுக் கீரைக் கன்று. மண் இல்லை. மழைத்தண்ணீரில் கரைக்க ஒரு உரத்தூள், அவ்வளவுதான் அதன் சாப்பாடு.

“முக்கியமான விசயம் ஆச்சி” என்று குந்தியிருந்து சொன்னார். “முதல்ல கோப்பை நனையத் தண்ணி நிக்கட்டும். மறுகா அது குறையும். குறைய விடுங்க. வேர் கீழ இறங்கும், மேல நிக்கிற வேர் காத்துக் குடிக்கும். நாலு விரலுக்குக் கீழ போனா மட்டும் நாலு விரலுக்கு ஊத்துங்க. தப்பித்தவறியும் நிரப்பிராதீங்க. நிரப்பினா மூச்சு முட்டிச் செத்துரும்.”

எட்டு விரல்.

தை 22

ஏன் இந்தப் பாடு என்று அழகரத்தினத்தின் பெண்சாதி வேலிக்கு மேலால் கேட்டாள். பதிலை இங்கே எழுதுகிறேன்.

இந்த வீடு என் மகள் தனுஷியாவுக்கு நான் கொடுத்த சீதனம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கடல் அவளைக் கொண்டு போன பிறகு அது அவள் மகள் ஆர்த்திகாவுக்கு. நான் பின்குசினியில் கிடக்கிற காவல்காரி. ஆனால் உரியவள் களுவாஞ்சிக்குடியில் தகப்பனோடும் தகப்பனைப் பெற்றவளோடும் இருக்கிறாள். பிள்ளையைத் தாய் வீட்டில் கொண்டு வந்து விடு என்றால் விஜிதரன் என்ன சொல்கிறான்? “கிணறும் உப்பு, மண்ணும் உப்பு. கீரைக்கண்டும் நிக்காத வளவுல பிள்ளைய எப்பிடி மாமி விடுற?”

சரி. நிற்கிறதா இல்லையா என்று பார்ப்போம்.

தை 31

ஆறு விரல். வேர் நூல் மாதிரி, வெள்ளை வெளேர் என்று.

மாசி 6

ஐந்து விரல். மூன்று நாளாக ஒருவரோடும் கதைக்கவில்லை. இன்று காலை தொண்டையைச் செருமிப் பார்த்தேன், குரல் இருக்கிறதா என்று. பிறகு பெட்டியடியில் போய் இருந்து, இருந்த குரல் வீண் போகக் கூடாது என்று, “இண்டைக்கு வெயில் கூடத்தான்” என்றேன்.

களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் இருபது நிமிடம். போகலாம்தானே என்பார்கள். விஜிதரனின் தாய் என்னை விறாந்தைப் படியில் இருத்தி வெறும் தேத்தண்ணீர் தந்து அனுப்பிய நாள் 2005 ஆவணி 14. உள்ளே இரண்டு கதிரை சும்மா கிடந்தது, நான் பார்த்தேன். அன்றோடு அந்த வீட்டு வாசற் கடப்பை மிதிக்கவில்லை. மிதிக்கவும் மாட்டேன்.

மாசி 18, ஞாயிறு

கடைக்குப் போய் டெலிபோன் எடுத்தேன். விஜிதரன் வாய் விட்டுச் சொன்னான்: “சித்திரை வருசத்தண்டு பிள்ளையக் கூட்டிக்கொண்டு வாறன் மாமி. பாப்பம். எல்லாம் சரியெண்டா ரெண்டாம் தவணைக்கு அங்கயே பள்ளியில சேப்பம்.”

ஆர்த்திகாவிடம் கொடுத்தான். “அம்மம்மா” என்றாள். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. “என்ன கிளி, வாறியா?” என்றேன். அழைப்பு முடிந்துவிட்டது.

வருசத்துக்கு நிற்க வேண்டும் என்று இன்றே புதிய விதை போட்டேன். முதல் நட்டதை நானே தின்று தீர்க்கலாம்.

பங்குனி 10

வாவிக்கு அந்தக் கரையில் இரண்டு நாளாக ஷெல் விழுகிறது. குசினிச் சட்டிகள் நடுங்குகின்றன. பெட்டிக்குள் தண்ணீரும் நடுங்குகிறது. குனிந்து பார்த்தேன், சின்னச் சின்ன வட்டம். சனம் தோணியிலும் மிதவைப் பாதையிலும் வாவியைக் கடந்து வந்தபடி. பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது.

அந்தக் கரை அம்பிளாந்துறையில்தான் என் தங்கச்சி இருக்கிறாள். எழுதுகிறேன், அவ்வளவுதான். போய்ப் பார்க்கவில்லை.

பங்குனி 12

அவளே வந்துவிட்டாள். கையில் ஒரு உமல் பை, தலையில் ஒரு பாய். கடப்பில் நின்று, “அக்கா, நான் சின்னத்தங்கம்” என்கிறாள். எனக்குத் தெரியாதாம்.

தனுஷியாவின் செத்தவீட்டுக்கு வராதவள். எட்டுக்கும் வரவில்லை, முப்பத்தொன்றுக்கும் வரவில்லை. வாவிக்கு அங்கால் நின்று கத்தினால் கேட்கிற தூரம். முன்மண்டபத்தில் பாயைப் போடச் சொன்னேன். சோறு போட்டேன். கதைக்கவில்லை.

பங்குனி 16

கதைக்காமல் இருந்தாலும் அவள் வாய் நிற்காது. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். “என்னகா இது, மீன் பெட்டிக்குள்ள கீரை. மண் காட்டாம பயிர் வளக்கிறியா? அதுகும் வரட்டோ விடட்டோ எண்டு ஐமிச்சப்பட்டுத்தான் முளைக்குது பார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் இந்த வளவுக்குள் கேட்ட முதல் சிரிப்பு அவளுடையது என்பதுதான் கோபம்.

சித்திரை 3

நாலரை விரல். நாற்பத்தெட்டுக் கன்றும் சரி. இலை விரிந்து மூடி தெரியவில்லை. பச்சை என்றால் பச்சை! சின்னத்தங்கம் விடிய எழும்பி முதலில் போய் நிற்பதும் அங்கேதான். கண்டும் காணாதது போல் இருந்தேன்.

சித்திரை 10



உரத்தூள் முடிந்துபோயிற்று. நௌஷாட் தம்பி களுவாஞ்சிக்குடி விவசாயக் கந்தோருக்கு வருகிற நாள் என்று நேற்று விடிய வெளிக்கிட்டேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது சோதனைச்சாவடியில் பையைத் திறந்தார்கள். வெள்ளைத்தூள். உரம் என்றால் குண்டு என்கிற காலம். கீரைக்கு என்றேன். சலாதுக்கு என்றேன். கதிரை தந்தார்கள், தண்ணீர் தந்தார்கள், விட மட்டும் இல்லை. ஆள் அனுப்பி நௌஷாட் தம்பியைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கிக் காட்டும்வரை பொழுது போய்விட்டது.

வீட்டுக்கு வர, சின்னத்தங்கம் கடப்படிக்கே ஓடி வந்தாள். சந்தோசமாக.

“அக்கா, நீ பயப்படாத. பெட்டியெல்லாம் வத்திக் கிடந்திச்சி, பாதிக்குமேல இல்ல. கழுத்துமட்டும் தண்ணி கட்டி விட்டுட்டன்.”

“எந்தத் தண்ணி?”

“கிணத்துத் தண்ணிதான். குடிக்கிற மழைத்தண்ணிய ஆராச்சும் பயிருக்கு ஊத்துவானா?”

வயல் வட்டைக்குள் பிறந்து வட்டைக்குள் கிழடானவள். வயலில் தண்ணீர் இறங்கினால் வாய்க்காலை வெட்டிவிட வேண்டும், அதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே நியாயம். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதம் ஒரே கூரைக்குள் இருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே நான். நிரப்பாதே என்ற அந்த ஒரு சொல்லுக்கும் வாய் திறக்கவில்லையே.

விளக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் இறைத்து ஊற்றினோம். இருவரும்தான்.

சித்திரை 12

வேர் மண்ணிறம். இலை தொங்கிவிட்டது.

சித்திரை 14, வருசம்

வந்தார்கள். ஆர்த்திகா மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். தாயின் நெற்றி. கடப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை, வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்தேன். விஜிதரன் குனிந்து அவள் என்னவோ சொல்வதைக் கேட்டான். பிறகு பெட்டியடிக்குப் போய் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தான்.

“வாடிப்போச்சே மாமி.”

“அஞ்சு நாளைக்கு முந்தி மட்டும் நல்லா நிண்டது மனே. இவள் தண்ணிய—”

“சரி மாமி. பிறகு பாப்பம்.”

பலகாரத்தைப் பொதி பண்ணிக் கொடுத்தேன். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கால்மணித்தியாலமும் நிற்கவில்லை.

சித்திரை 15

சின்னத்தங்கத்துக்குச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். என்ர புள்ள செத்ததுக்கு வரல்ல, பேத்தி வந்த நேரம் பாத்துக் குழிபறிக்க வந்தியோடி என்று கேட்டேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

வைகாசி 22

அந்தக் கரைச் சனத்தைத் திருப்பி அனுப்புகிறார்களாம். அவளும் போய்விட்டாள் என்று அழகரத்தினம் சொன்னான். சொல்லாமல் போனாள். நல்லது.

மார்கழி 26

தனுஷியாவுக்கு விளக்கு வைத்தேன், கடல் வந்து இன்றோடு மூன்று வருடம். இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

அன்று இந்த வளவில் நின்றவர்கள்: நான், தனுஷியா, ஐந்து வயது ஆர்த்திகா, வெள்ளைப் பசு. விஜிதரன் சந்தைக்குப் போயிருந்தான். கடல் கறுப்பாக எழும்பி வருகுது என்று கத்தி ஓடினார்கள். நான் பிள்ளையை இடுப்பில் தூக்கினேன். மூவரும் கடப்புக்கு வந்துவிட்டோம். வெளியே ஒரு கால் வைத்தாயிற்று. தனுஷியா நின்றாள். “அம்மா, மாடு கட்டில நிக்குது” என்றாள். போகாத புள்ள என்றேன். விடடி என்றேன். இந்தா வாறன் என்றாள். இந்தா வாறன்!

மூன்றாம் நாள் அந்தப் பசு தானாக நடந்து வந்து கடப்பில் நின்றது. கழுத்தில் கயிறு இல்லை. அறுந்ததல்ல, அவிழ்த்தது. அப்படியென்றால் அவள் மாட்டுப்பட்டிவரை போயிருக்கிறாள்.

பசுவை அன்றே ஏறாவூர் மஜீட்டிடம் கொடுத்துவிட்டேன். அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

2008 மாசி 3

பெட்டிகளைக் கழுவினேன். திரும்பவும் நட்டேன். யாருக்கு என்று கேட்டால் தெரியாது. எட்டு விரல்.

2008 ஆனி 11

நாலு விரல். நல்ல இலை. தின்ன ஆள் இல்லை. அழகரத்தினம் வீட்டுக்கு வேலிக்கு மேலால் கொடுத்தேன். வேலிக்கு மேலால்தான்.

2009 வைகாசி 19

றோட்டில் கொண்டாட்ட வெடி. சண்டை முடிந்துவிட்டதாம். கொடி கட்டச் சொல்லி வந்தார்கள். வடக்கில் பிள்ளையைத் தேடுகிற தாய்மாரின் முகம் எல்லாம் எனக்குத் தெரிந்த முகம் போல் வந்து போகிறது. வெடிச்சத்தத்துக்குப் பெட்டித் தண்ணீரில் அதே வட்டங்கள். ஐந்து விரல்.

2009 ஆனி 7, ஞாயிறு

விஜிதரன் மோட்டர்சைக்கிளில் வந்தான். பின்னால் ஆர்த்திகா. பத்து வயது. திரும்பவும் கடப்பிலேயே நின்றாள். இந்தமுறை நான் அழைக்கவில்லை. ஒரு சலாதைக் கோப்பையோடு தூக்கிக்கொண்டு நானே கடப்புக்குப் போனேன். வேரைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள்.

“அம்மம்மா, அப்பாவ ஏசாதீங்க” என்றாள். “அந்த வருசத்தண்டு நான்தான் அவர்ர காதுக்க சொன்னன், இஞ்ச என்ன விட்டுட்டுப் போகாதீங்க எண்டு.”

“ஏன் கிளி? கடலுக்குப் பயமா?”

இல்லை என்று தலையாட்டினாள். “இந்தக் கடப்பில நிண்டா அம்மாட முதுகு தெரியுது.”

என் இடுப்பில் இருந்தவள். எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

விஜிதரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “இலை வாடாம நிண்டிருந்தாலும் வேற என்னத்தையாச்சும் சொல்லியிருப்பன் மாமி. பிள்ளைதான் வரமாட்டனெண்டு சொன்னதெண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்ற? நீங்க என்னை ஏசினாக் காணும் எண்டு விட்டுட்டன்.”

இரண்டு வருடம் அவனை ஏசினேன். காலையிலும் மாலையிலும் ஏசினேன்.

ஒரு பெட்டியைக் கொடுத்தேன். தகப்பனுக்கும் தனக்கும் நடுவில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். “எத்தின விரல் அம்மம்மா?” என்று கேட்டாள். சொன்னேன். திருப்பிச் சொல்ல வைத்தேன்.

ஆனி 13

களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். பெட்டியைப் பார்க்கத்தான். விஜிதரனின் தாய் கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணீரில் பாலும் இருந்தது. இருந்தேன்.

ஆனி 14, ஞாயிறு

மிதவைப் பாதையேறி அம்பிளாந்துறைக்குப் போனேன். ஒரு பெட்டி, பன்னிரண்டு கன்று. சின்னத்தங்கம் வேலியோடு நின்று கண்டுவிட்டு, “தூக்கிக்கொண்டு வாறதப் பாரன், திரும்பவும் நிரப்பிக் கொல்லட்டும் எண்டா?” என்றாள். சிரிப்பு அதே சிரிப்பு. பிறகு அழுதாள்.

செத்தவீட்டுக்கு ஏன் வரவில்லை என்று நான்கரை வருடத்தில் முதல்தரம் கேட்டேன்.

“மூண்டு நாள் துறையில நிண்டன் அக்கா. பாதை விடல்ல. தோணியும் விடல்ல. நாலாம் நாள் வர முகமில்லாமப் போச்சி.”

துறையில் நின்றிருக்கிறாள். நான் இந்தக் கரையில் அவளைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது என்னிடம் பெட்டி இரண்டு. நாலு விரல், இரண்டிலும். விளக்குக்குக் கீழே இதை எழுதுகிறேன், கொப்பியில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. என் கோபக்கணக்கில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தேன். விஜிதரனை வெட்டினேன். அவன் தாயை வெட்டினேன். சின்னத்தங்கத்தை வெட்டினேன். அழகரத்தினத்தின் பெண்சாதியையும், அவள் இன்று மாலை கடப்பால் உள்ளே வந்து கீரை கேட்டதால்.

ஒருத்தி மிஞ்சுகிறாள். போகாதே என்று சொல்லியும் போனவள். மாட்டை அவிழ்க்கத் தெரிந்தவளுக்கு ஒருக்கால் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை. பார்த்திருந்தால் பிள்ளைக்கு உன்ர முகமாவது மிஞ்சியிருக்குமேடி. உன்னை நான் மன்னிக்கமாட்டேன், தனுஷியா.